சீனக் கடைச் சாப்பாட்டின் சரித்திரம்

கனடாவில் வாழும் எம்மவர் குடும்பங்கள் வெளியே சென்று உணவருந்த எண்ணும்போது, நம்மவர் கடைகளுக்கு அடுத்தபடியாக நாடுவது சீன உணவகங்களையே. காரணம் எளிது. அங்கே சோறு உண்டு. இஞ்சி, உள்ளி, செத்தல் மிளகாய் உண்டு. பிள்ளைகள் விரும்பும் இனிப்புச் சுவையும் உண்டு. ஆயினும் உணவுப் பட்டியலைக் கையில் எடுத்ததும், அறிந்த இரண்டு மூன்று வகைகளையே திரும்பத் திரும்பத் தருவித்து உண்டு வருகின்றோம். அப்பட்டியலில் உள்ள பெயர்கள் எங்கிருந்து வந்தன, யார் கொண்டுவந்தார்கள், ஏன் கொண்டுவந்தார்கள் என்று வினவுவோர் சிலரே. வினவினால் வெளிப்படும் சரித்திரம், அகதிகளாக வந்த எமக்கு அந்நியமானதன்று.

இந்நாட்டுச் சீனக் கடைகளில் விற்கப்படுவது உண்மையான சீனச் சாப்பாடன்று, வெள்ளைக்காரருக்காகச் செய்த போலி என்று சொல்வோர் உளர். சீனாவுக்குச் சென்று திரும்பிய சிலர் இதனைப் பெருமிதத்தோடும் சொல்வர். அவர்கள் கூற்றில் பாதி உண்மை. இவ்வுணவுகளுட் பல சீனாவில் அறியப்படாதவை. ஆனால் இவற்றை ஆக்கியவர்கள் சீனரே. சட்டத்தினாலும் போரினாலும் ஊரிலிருந்து துண்டிக்கப்பட்டவர்கள், கைக்குக் கிடைத்த பொருளைக் கொண்டு, தம்மை விரும்பாத ஒரு சமுதாயத்தின் நாவுக்கேற்பச் சமைத்துப் பிழைத்த கதை இவ்வுணவுகளில் இருக்கிறது. அதனைப் போலி என்று தள்ளுதல் முறையாகாது என்பது என் கருத்து.

சப் சூயிலிருந்து தொடங்குவோம். இப்பெயர் தென்சீனத்துக் குவாங்டொங் மாகாணப் பேச்சுவழக்குக்குரியது. பலதும் கலந்த துண்டு துணுக்குகள் என்பது அதன் பொருள். ஊரில் அது ஈரல், குடல் முதலியவற்றையும் கிடைத்த மரக்கறியையும் சேர்த்து வதக்கும் எளிய கறி. கடல் கடந்து வந்தபின் ஈரலும் குடலும் நீங்கின. இறைச்சித் துண்டும் முளைவிட்ட பயறும் கோவாவும் செலரியும் சேர்ந்து, மா கரைத்துத் தடிப்பாக்கிய குழம்போடு அது வேறொன்றாயிற்று. 1896 இல் சீனப் பேரரசின் இராசதந்திரி லி ஹொங்சாங் நியூயோர்க்குக்கு வருகை தந்தபோது, அவருடைய சமையற்காரர் இதனை ஆக்கினார் என்றொரு கதை நெடுங்காலமாக வழங்கி வருகிறது. கதை அழகானது; உண்மையன்று. அதற்கும் முன்னதாகவே, 1880களில், நியூயோர்க்கின் சீனச் சமையல் பற்றி எழுதியவர்கள் சப் சூயைக் குறிப்பிட்டுள்ளனர். பெருந்தலைவர் பெயரிற் சேரும் புகழ் பல வேளைகளில் பெயர் தெரியாத குசினிக்காரருக்கு உரியதாகவே இருக்கும்.

அந்தக் குசினிக்காரர் யார்? அவர்களுட் பெரும்பாலோர் குவாங்டொங்கின் தாய்ஷான், கைபிங், என்பிங், சின்ஹுய் என்னும் நான்கு மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். 1858 இல் பிரேசர் ஆற்றங்கரையில் தங்கம் கண்டுபிடிக்கப்பட்டபோது சான் பிரான்சிஸ்கோவிலிருந்து சீனர் விக்ரோறியா நகருக்கு வந்தனர். கனடாவின் மிகப் பழைய சீனர் குடியிருப்பு அங்கேதான் உண்டாயிற்று. வட அமெரிக்காவை அவர்கள் தங்கமலை என்றே அழைத்தனர். பின்னர் 1881 முதல் 1885 வரை, பிரித்தானியக் கொலம்பியாவின் மலைகளைக் குடைந்து கனேடிய பசுபிக் புகையிரதப் பாதையை அமைப்பதற்கு 15,000 பேர் அளவில் சீனத் தொழிலாளர் அமர்த்தப்பட்டனர். அவர்களுக்கு நாட்கூலி ஒரு டொலர். அதே வேலைக்கு வெள்ளைத் தொழிலாளர் அதனிலும் கூடுதலாகப் பெற்றனர். பாறைவெடியிலும் மண்சரிவிலும் நோயிலும் இறந்த சீனர் அறுநூறுக்குக் குறையார். 1885 நவம்பர் 7 ஆம் திகதி கிரெய்கெலாக்கி என்ற இடத்தில் கடைசி ஆணி அறையப்பட்டபோது எடுக்கப்பட்ட புகைப்படம் கனடாவின் பாடப்புத்தகங்கள் பலவற்றில் உண்டு. எம் பிள்ளைகளும் அதனைப் பார்த்திருப்பார்கள். அப்படத்தில் ஒரு சீனர் முகமும் இல்லை.

அந்த ஆணி அறையப்படுமுன்பே, அதே ஆண்டில், கனேடியப் பாராளுமன்றம் தலைவரிச் சட்டத்தை நிறைவேற்றிவிட்டது. பாதை முடிந்தது, இனி ஆள் வேண்டியதில்லை என்பதே அதன் கருத்து. நாட்டினுள் நுழையும் ஒவ்வொரு சீனரும் 50 டொலர் செலுத்த வேண்டும். 1900 இல் அது 100 டொலராயிற்று. 1903 இல் 500 டொலராயிற்று. ஒரு தொழிலாளி ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் உழைத்தாலன்றிச் சேர்க்க இயலாத பணம் அது. வேறெந்த இனத்தவரிடமும் இவ்வரி அறவிடப்படவில்லை. ஏறத்தாழ 82,000 சீனரிடமிருந்து 23 மில்லியன் டொலர் வரை அரசு இவ்வாறு திரட்டியது. அதுவும் போதாதென்று 1923 ஜூலை முதலாம் திகதி முதல் சீனரின் வருகை முற்றாகவே தடைசெய்யப்பட்டது. அந்நாள் கனடாவின் தேசிய நாள். சீனர் அதனை அவமான நாள் என்று பெயரிட்டுக் கடைகளை அடைத்தனர். 1947 இல் சட்டம் நீக்கப்படும் வரையிலான 24 ஆண்டுகளில் அனுமதிக்கப்பட்ட சீனர் ஐம்பதுக்கும் குறைவானவர்கள்.

இதன் விளைவு யாது? ஏற்கெனவே இங்கிருந்த ஆண்கள் மனைவியை அழைக்க முடியவில்லை. சேர்த்த பணத்தில் ஊருக்குச் சென்று சில மாதங்கள் தங்கி, குழந்தையின் முகத்தைக் காணுமுன்பே திரும்பியவர்கள் பலர். நாட்டைவிட்டு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வெளியே நின்றால் திரும்பும் உரிமை போய்விடும். குடிவரவுப் பத்திரத்துக்கும் குடும்பத்தை அழைப்பதற்கும் ஆண்டுக்கணக்கிற் காத்திருந்த எம்மவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இவர்கள் ஏன் உணவகத் தொழிலில் இறங்கினார்கள் என்பதற்கும் சட்டமே விடை கூறும். பிரித்தானியக் கொலம்பியாவிற் சீனருக்கு வாக்குரிமை இல்லை. வாக்காளர் இடாப்பிற் பெயர் இல்லாதவர் வழக்கறிஞராகவோ மருந்தாளராகவோ வர முடியாது. எஞ்சியவை சலவையும் சமையலும். மிகுதியான முதலோ ஆங்கிலப் புலமையோ அவற்றுக்கு வேண்டியதில்லை. நீண்ட நேரம் நிற்கக்கூடிய கால்களே வேண்டும். நம்மவருட் பலர் இந்நாடுகளில் முதன்முதல் கோப்பை கழுவியதும் இதே காரணத்தாலன்றோ? புகையிரதப் பாதை நெடுகிலும் சமவெளி மாகாணங்களின் சிற்றூர்களில், ஊருக்கொரு சீன உணவகம் தோன்றியது. அங்கே விற்றவை பெரும்பாலும் சீன உணவுகளல்ல. வறுத்த முட்டையும் பாணும், மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும், அப்பிள் பையுந்தான். பட்டியலின் கடைசியில் மட்டும் சப் சூயும் சௌ மெயினும் இருக்கும். தாம் உண்பதற்குக் குசினியின் பின்புறத்தில் வேறு சமைத்தனர்: அவித்த கருவாடு, உப்பிட்ட கீரை, சோறு.

அங்கும் சட்டம் அவர்களை விடவில்லை. 1912 இல் சஸ்கச்சுவான் மாகாணம் சீனர் தம் கடைகளில் வெள்ளைப் பெண்களை வேலைக்கு வைத்தல் குற்றமென்று சட்டம் செய்தது. மூஸ் ஜோ நகரில் உணவகம் நடத்திய குவொங் விங் என்பவர் இரண்டு பணிப்பெண்களை அமர்த்தியதற்காகத் தண்டம் விதிக்கப்பெற்றார். அவர் கனடாவின் குடியுரிமை பெற்றவர். வழக்கை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுசென்றார். 1914 இல் நீதிமன்றம் அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. சப் சூய் இன்று பலருக்குச் சலித்துப்போன உணவு. பழைய ஊர்க்கடைகள் சிலவற்றில் மட்டுமே நன்றாகக் கிடைக்கும். ஆயினும் ஒருமுறை அதனைத் தருவித்து உண்ணுங்கள் என்றே சொல்வேன்.

இனிப்புப் புளிப்புப் பன்றியிறைச்சிக்கு இத்தனை துயரமில்லை. அது கன்ரன் நகரத்தாரின் பழைய உணவே. ஆனால் மாவில் உருட்டிப் பொரித்து, சிவந்த பாகோடு வரும் கோழி உருண்டைகளைச் சீனாவில் தேடினால் கிடையா. எம் பிள்ளைகளுக்கு இவைதாம் மிகவும் பிடித்தவை. பெற்றோர் அதற்காக வருந்த வேண்டியதில்லை. சீனப் பிள்ளைகளுக்கும் பிடிக்கும்.

ரொறன்ரோவின் சீன உணவகங்களைப் பற்றிப் பேசும்போது ஜீன் லம் அம்மையாரைக் குறிப்பிடாமல் விடுதல் தகாது. 1919 இல் நனைமோ நகரிற் பிறந்தவர். இம்மண்ணிற் பிறந்திருந்தும், 1939 இல் சீனாவிற் பிறந்த ஒருவரை மணந்தமையால் கனேடியப் பிரசை என்னும் நிலையை இழந்தார். 1947 க்குப் பின்னரே அது மீண்டது. தடைச்சட்டம் அவ்வாண்டில் நீங்கினாலும், குடியுரிமை பெற்ற சீனர் மனைவியையும் 18 வயதுக்குட்பட்ட மணமாகாத பிள்ளைகளையும் மட்டுமே அழைக்கலாம் என்றிருந்தது. தாய் தந்தையரும் வளர்ந்த பிள்ளைகளும் வெளியே நின்றனர். 1957 இல் பிரதமர் டீபன்பேக்கரைச் சந்தித்து முறையிட்ட சீனர் குழுவில் இவர் இடம்பெற்றார். நிறத்தையும் நாட்டையும் பாராது புள்ளிகள் இட்டு ஆட்களைத் தெரியும் முறை 1967 இல்தான் வந்தது.

ஜீன் லம்மும் கணவரும் எலிசபெத் வீதியில் குவொங் சௌ என்னும் உணவகத்தை 1959 முதல் நடத்தினர். அவ்வீதியே அன்று ரொறன்ரோச் சீனரின் நடுவிடம். புதிய நகரமண்டபத்துக்காக அக்குடியிருப்பின் பெரும்பகுதி இடிக்கப்பட்டது. மண்டபம் 1965 இல் திறக்கப்பட்டது. எஞ்சிய பகுதியையும் நகரசபை எடுக்க முனைந்தபோது, சீனர் குடியிருப்பைக் காக்கும் குழுவை முன்னின்று நடத்தியவர் இவரே. இடம்பெயர்ந்த கடைகள் மேற்கே, முன்னர் யூதர் வாழ்ந்த ஸ்பதைனாப் பகுதிக்குச் சென்றன. இன்று நாம் மலிவான மரக்கறிக்கும் வாத்திறைச்சிக்கும் அங்கே போகின்றோம். 1976 இல் கனடாவின் உயர்விருதான ஓர்டர் ஒஃப் கனடா இவருக்குக் கிடைத்தது. அவ்விருதைப் பெற்ற முதலாவது சீனக் கனேடியப் பெண் இவரே.

போரினால் ஊரிழந்த ஒருவரின் கதை இனி வருவது. பட்டியலில் ஜெனரல் ஸோவின் கோழி என்று ஒன்றுண்டு. பொரித்த கோழித் துண்டுகளைச் செத்தல் மிளகாயோடு இனிப்பும் புளிப்பும் உறைப்புமான பாகிற் பிரட்டித் தருவார்கள். ஜெனரல் ஸோ என்பவர் ஸோ சொங்டாங். 1812 இல் ஹூனான் மாகாணத்திற் பிறந்து, பெருங்கலகங்களை அடக்கிப் புகழ்பெற்ற படைத்தலைவர். 1885 இல், அதாவது தலைவரி வந்த அதே ஆண்டில், இறந்தார். இக்கோழியை அவர் உண்டதுமில்லை, அறிந்ததுமில்லை.

இதனை ஆக்கியவர் பெங் சாங்-குவெய் என்னும் சமையற் கலைஞர். ஹூனானின் தலைநகர் சாங்ஷாவில் சிறு பிராயத்திலேயே ஒரு பெரிய சமையலாசானிடம் தொண்டனாகச் சேர்ந்து தொழில் கற்றவர். பின்னர் தேசியவாத அரசின் விருந்துகளுக்குப் பொறுப்பாக விளங்கினார். 1949 இல் அவ்வரசு தோற்றுத் தாய்வான் தீவுக்கு ஓடியபோது அவரும் உடன் சென்றார். 1950களில் தாய்பேயில், தம் மாகாணத்து வீரரின் பெயரைச் சூட்டி இக்கோழியைச் சமைத்தார். அப்போது அதிற் சீனி இல்லை. ஹூனான் நாவுக்கேற்ற உறைப்பும் புளிப்பும் உப்புமே இருந்தன. 1970களின் தொடக்கத்தில் நியூயோர்க்கின் சமையற்காரர் சிலர் தாய்வானுக்குச் சென்று அவர் சமையலைச் சுவைத்துத் திரும்பி, தம் கடைகளில் சீனி சேர்த்து மொறுமொறுப்பாக்கி விற்றனர். 1973 அளவில் பெங் தாமே நியூயோர்க்கில் கடை திறந்தபோது, தம்முடைய உணவு தமக்கு முன்பே அங்கு வந்திருக்கக் கண்டார். அவரும் சீனி சேர்க்க வேண்டியவரானார். ஹென்றி கிசிங்கர் அவருடைய வாடிக்கையாளருள் ஒருவர்.

கதையின் இறுதிப் பகுதியே என் மனத்தில் ஆழப் பதிந்தது. 1990களில் பெங் சாங்ஷாவுக்குத் திரும்பி ஓர் உணவகம் திறந்தார். ஜெனரல் ஸோவின் கோழி அப்படைத்தலைவர் பிறந்த மாகாணத்துக்கு அப்போதுதான் வந்தது. ஊரார்க்கு அதன் சுவை பிடிக்கவில்லை. கடை நிலைக்கவில்லை. 2016 இல், 98 ஆவது வயதில், தாய்பேயில் அவர் காலமானார். நாற்பது ஆண்டுகள் ஊரை நினைத்துச் சமைத்தவரின் கையை ஊர் அறியவில்லை. ஊருக்குப் போய்வந்த எம்மவர் சிலர், தம் பேச்சைக் கேட்டுச் சொந்த மருமக்களே சிரித்தார்கள் என்று சொல்லக் கேட்டிருக்கின்றேன்.

சிச்சுவான் மாகாணத்து உணவுகள் எம் நாவுக்கு மிக அணுக்கமானவை. குங் பாவ் கோழி அவற்றுட் சிறந்தது. சிறு சதுரங்களாக வெட்டிய கோழியும் செத்தல் மிளகாயும் கச்சானும் சேர்ந்தது. மிளகாயும் கச்சானும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து சென்றவை. எமக்கு மிளகாயைப் போர்த்துக்கேயர் தந்தது போலவே, 16 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடல்வழியே சீனாவுக்கும் அது சென்றது. 1876 முதல் 1886 வரை சிச்சுவானை ஆண்ட டிங் பாவ்சென் என்னும் ஆளுநருக்கு வழங்கிய கௌரவப் பட்டமே இவ்வுணவின் பெயராயிற்று. 1966 இல் தொடங்கிய கலாசாரப் புரட்சியின்போது, பழைய பேரரசின் அதிகாரியை நினைவூட்டும் பெயர் ஆகாது என்று அப்பெயர் விலக்கப்பட்டு, மிளகாயிட்டு வதக்கிய கோழி என்பது போன்ற பெயர்கள் இடப்பட்டன. 1980களில் பழைய பெயர் மீண்டது. பெயரைத்தான் மாற்றினார்களே தவிர, கோழியைக் கைவிட்டார்கள் இல்லை. நல்ல கடையானால் இதிற் சிச்சுவான் மிளகும் இருக்கும். அது நம் மிளகுக்கு உறவன்று, எலுமிச்சைக் குடும்பத்தது. நாவைச் சற்றே விறைக்கச் செய்யும். புதிதாக உண்பவர் பயப்படத் தேவையில்லை.

மாப்போ தோஃபுவையும் அவசியம் சுவைத்துப் பாருங்கள். சோயாப்பாலை உறையவைத்துச் செய்த கட்டியை, புளிக்கவைத்த அவரைவகைப் பசையும் மிளகாயும் அரைத்த இறைச்சியும் சேர்த்துச் சமைப்பது. செங்டு நகரின் வடவாயிலுக்கு அண்மையில் ஒரு பாலத்தடியில் 1862 அளவில் கடை நடத்திய சென் என்பவரின் மனைவிக்கு முகத்தில் அம்மைத் தழும்பு. தழும்புக் கிழவியின் தோஃபு என்பதே பெயரின் பொருள். எண்ணெய் சுமந்து வரும் கூலியாட்கள் அவளுடைய கடையில் உண்பார்கள் என்பர். ஆளுநருக்கும் படைத்தலைவருக்கும் நடுவே, தழும்பு முகத்துப் பெண்ணொருத்தி பட்டியலில் இடம்பிடித்திருப்பது எனக்கு மகிழ்ச்சி தருவது. மரக்கறி உண்போர் இறைச்சி இடாமற் செய்யும்படி கேட்டல் வேண்டும்.

சைவ உணவினர் பற்றி இவ்விடத்தில் ஒரு குறிப்பு. மரக்கறி என்று பெயரிட்ட உணவிலும் சிப்பிச் சாறு ஊற்றுவது சீனக் கடைகளின் வழக்கம். கேட்டால் ஒழிய அவர்கள் சொல்லார். லோ ஹான் ஜாய் என்னும் உணவு புத்த துறவிகளின் மரபில் வந்தது. காளான், தோஃபு, கண்ணாடி நூல் போன்ற பயற்றுச் சேமியா முதலியவை கலந்தது. சீனப் புத்தாண்டின் முதல் நாளில் இதனை உண்ணும் குடும்பங்கள் பல. வெள்ளிக்கிழமை விரதக்காரர் மனச்சாந்தியோடு உண்ணத்தக்கது. ஆயினும் சிப்பிச் சாறு பற்றி ஒருமுறை கேட்டுவிடுதல் நன்று.

கனடாவுக்கே உரிய சீன உணவு என்றால் இஞ்சி மாட்டிறைச்சி. கல்கரி நகரின் சில்வர் இன் என்னும் உணவகத்தில் ஜோர்ஜ் வொங் என்ற சமையற்காரர் 1970களில் ஆக்கியது. மேற்கு மாகாணங்களில் இதனை அறியாதவர் இல்லை. அவ்வுணவகம் 2022 இல் மூடப்பட்டது. உணவு நிலைத்துவிட்டது.

ஸ்காபரோவில் வாழும் வாசகர்களுக்கு டிம் சம் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை என நினைக்கலாம். ஆயினும் கோழிக்காலைக் கண்டு முகஞ்சுழித்து எழுந்து வந்தவர்களை நான் அறிவேன். டிம் சம் என்பது கன்ரன் தேநீர்ச்சாலைகளின் மரபு. காலை தொடங்கி நண்பகல் கடந்தும் தேநீரோடு சிறு சிறு சிற்றுண்டிகளை உண்டு பேசியிருத்தல். தேநீர் அருந்தப் போவோம் என்றே கன்ரன் மொழியிற் சொல்வர். ஹார் காவ் என்பது மெல்லிய மாத்தோலினுள் இறால் வைத்து அவித்தது. நம் கொழுக்கட்டையின் ஒன்றுவிட்ட சகோதரன் எனலாம். தாமரை இலையிற் பொதிந்து அவித்த பசைச்சோறு, பொதிசோறு உண்டு வளர்ந்தவர்க்குப் பிடிக்காமற் போகாது. முள்ளங்கி அப்பம் ஒன்றும் உண்டு. ஆனால் பெரும்பாலானவற்றிற் பன்றி இறைச்சி சேர்ந்திருக்கும் என்பதை நினைவிற் கொள்க. கோழிக்காலையும் ஒருமுறை முயன்று பாருங்கள். எலும்பைச் சூப்பும் கலையில் எம்மவர் யாருக்கும் இளைத்தவரல்லர்.

நல்ல டிம் சம் ரொறன்ரோவுக்கும் வன்கூவருக்கும் வந்ததன் பின்னணியிலும் அச்சமே இருக்கிறது. 1984 இல் பிரித்தானியா ஹொங்கொங்கை 1997 இல் சீனாவிடம் ஒப்படைக்க உடன்பட்டதும், அங்குள்ளோர் கூட்டங்கூட்டமாக வெளியேறத் தொடங்கினர். அவர்களோடு தேர்ந்த சமையற்காரரும் வந்தனர். அதே 1984 இல் ஸ்காபரோவின் அஜின்கோர்ட்டில், முன்னர் சக்கரச் சறுக்கு மண்டபமாக இருந்த இடத்தில், டிராகன் சென்ரர் என்னும் சீனக் கடைத்தொகுதி திறக்கப்பட்டது. அயலவர் பெருங்கூட்டமாகக் கூடி எதிர்ப்புத் தெரிவித்தனர். வாகன நெரிசல் என்று வெளியிற் சொன்னார்கள். சீனர் வந்து நிறைந்துவிடுவர் என்பதே உள்ளத்தில் இருந்தது. இனவெறுப்புத் துண்டுப்பிரசுரங்களும் உலாவின. சில ஆண்டுகள் கழிந்து தமிழர் அதே ஸ்காபரோவில் கடை திறந்தபோது, அந்த நெரிசல் பற்றிய பேச்சின் பெரும்பகுதி சீனர்மேல் ஏற்கெனவே செலவழிந்துவிட்டிருந்தது.

இனி எம்மவர் மிகவும் விரும்பும் ஹக்காக் கடைகள். இங்கே சில்லிச் சிக்கன், மஞ்சூரியன், ஹக்கா நூடில்ஸ், பக்கோறா எல்லாம் ஒரே பட்டியலில் இருக்கும். பரிமாறுபவர் ஹிந்தியும் பேசுவார். இது எவ்வாறு நேர்ந்தது? ஹக்கா என்ற சொல்லுக்கு விருந்தினர் குடும்பம் என்பது பொருள். வடசீனாவிலிருந்து போருக்கும் பஞ்சத்துக்கும் அஞ்சிப் பல நூற்றாண்டுகளாகத் தெற்கே பெயர்ந்து வந்தவர்களைத் தெற்கத்தியார் அவ்வாறு அழைத்தனர். எத்தனை தலைமுறை வாழ்ந்தும் விருந்தினர் என்னும் பெயர் நீங்கவில்லை. அவர்களுட் சிலர் கல்கத்தாவுக்கு வந்து, சாதி இந்துக்கள் தொடத் தயங்கிய தோல் பதனிடும் தொழிலையும் செருப்புத் தொழிலையும் மேற்கொண்டனர். நகரின் கிழக்கே தாங்ரா அவர்களது ஊராயிற்று.

1962 இல் இந்தியாவும் சீனாவும் எல்லையிற் போரிட்டன. போர் ஒரு மாதத்தில் முடிந்தது. ஆனால் அசாமிலும் வங்காளத்திலும் வாழ்ந்த சீன வம்சத்தவர் ஏறத்தாழ 3,000 பேர் குழந்தைகளும் முதியோருமாகப் புகையிரதத்தில் ஏற்றப்பட்டு, இராஜஸ்தானின் தியோலி முகாமில் அடைக்கப்பட்டனர். அது முன்னர் போர்க் கைதிகளுக்கான முகாம். சிலர் 1967 வரை அங்கே கிடந்தனர். விடுதலையாகி வந்தபோது வீடும் கடையும் ஏலம் போயிருந்தன. இந்தியாவிற் பிறந்து இந்திய மொழிகள் பேசிய அவர்கள் மெல்ல மெல்ல வெளியேறி, பெருந்தொகையினராக ரொறன்ரோவுக்கு வந்து சேர்ந்தனர். முகாமிலிருந்து மீண்டோர் சிலர் இங்கே ஒரு சங்கம் அமைத்து, இந்திய அரசு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று கோரினர். கனடாவின் தலைவரிக்கு 2006 ஜூன் 22 ஆம் திகதி பிரதமர் ஹார்ப்பர் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார் என்பதையும், உயிரோடிருந்தோருக்கும் இறந்தோரின் வாழ்க்கைத்துணைக்கும் தலா 20,000 டொலர் வழங்கப்பட்டது என்பதையும் அவர்கள் அறிவார்கள்.

ஹக்காக் கடையிலும் எல்லாமே தாங்ராவிலிருந்து வந்தவை அல்ல. மஞ்சூரியன் என்பது மஞ்சூரியாவில் இல்லாத உணவு. கல்கத்தாவிற் பிறந்த நெல்சன் வாங் என்ற சீனர் 1975 இல் பம்பாயின் கிரிக்கெட் கழகத்திற் சமையல் செய்தபோது, இஞ்சியும் உள்ளியும் பச்சை மிளகாயும் வதக்கி, சோயா சோஸும் சோளமாவும் சேர்த்து ஆக்கியது. பூக்கோவா மஞ்சூரியன் சைவருக்காகப் பின்னர் வந்தது. இக்கடைகளிற் பல ஹலால் இறைச்சியே சமைப்பதால், எம் முஸ்லிம் சகோதரரும் ஒரே மேசையில் இருந்து உண்ணலாம்.

எம் உணவகங்களிலும் சீனர் நிழல் இல்லாமலில்லை. ஸ்காபரோவிற் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கியிருக்கும் ரோல்ஸ், கொழும்பிலே சைனீஸ் ரோல்ஸ் என்றே விற்கப்பட்டது. உள்ளே ஆட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் இட்டு, மேலே பாண்தூள் பூசிப் பொரித்ததில் சீனர் கைவண்ணம் எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்பது வேறு விடயம். இலங்கையில் துணிமூட்டையைச் சைக்கிளிற் கட்டி ஊரூராய் விற்ற சீனரையும், பட்டணங்களிற் பல் கட்டிய சீன வைத்தியரையும் முதியோர் நினைவு வைத்திருப்பர்.

உண்டு முடிந்ததும் கணக்குச் சீட்டோடு, உள்ளே பலன் எழுதிய தாள் வைத்த மடித்த பிஸ்கற்று ஒன்று வரும். பிள்ளைகள் அதற்காகவே காத்திருப்பார்கள். அதுவும் சீனரதன்று. ஜப்பானின் கியோட்டோக் கோயில்களை அடுத்த கடைகளில் விற்ற பணியாரம் அது. கலிபோர்னியாவில் அதனைச் சுட்டு விற்றவர்கள் ஜப்பானியரே. 1942 இல், நாட்டுக்கு எதிரிகள் என்று ஐயுற்று, மேற்குக் கரையின் ஜப்பானியர் அனைவரையும் அமெரிக்க அரசு முகாம்களில் அடைத்தது. அவர்களின் வெதுப்பகங்கள் பூட்டப்பட்டன. பிஸ்கற்றுத் தொழிலைச் சீனர் ஏற்று நடத்தினர். முகாமிலிருந்து மீண்டபோது அது சீனப் பிஸ்கற்று ஆகியிருந்தது.